பண்டிதர் தோட்டம்: மாத்திரை விற்ற காசில் தமிழிசைக்கு வரலாறு எழுதிய தஞ்சைக் குடும்பம்

தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. ஆட்டோவில் ஏறிப் பெயரைச் சொன்னால் போதும், கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சித்த வைத்தியர் என்பார் ஒருவர். இசை ஆராய்ச்சியாளர் என்பார் இன்னொருவர். பெரிய பண்ணை வைத்திருந்தவர் என்பார் மூன்றாமவர்.

மூன்று பேர் சொல்வதும் சரிதான். அந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். பண்ணையில் மூலிகை விளைந்தது. மூலிகை மாத்திரையாக மாறியது. மாத்திரை விற்ற பணத்தில் இசை மாநாடுகள் நடந்தன, ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ஓர் ஆராய்ச்சி நூலும் வெளிவந்தது. அரசரும் ஜமீன்தாரும் அரசாங்கமும் தராத பணத்தை ஒரு தோட்டம் தந்தது. அந்தத் தோட்டத்தின் கதை இது.

யார் இந்த ஆபிரகாம் பண்டிதர்?

1859 ஆகஸ்ட் 2 அன்று, இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தவர். அப்பா முத்துசாமி, அம்மா அன்னம்மாள். நாடார் சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவர் பிறப்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 1859 ஜூலை 26 அன்றுதான், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் வெளியிட்டது. அதுவும் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. தோள்சீலைப் போராட்டம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போமே, அதன் முடிவில் வந்த பிரகடனம் அது. அப்படிப்பட்ட காலத்தில், அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே பிறந்த பிள்ளை இவர். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மிஷன் பள்ளிகள்தான் அப்போது இந்தக் குடும்பங்களுக்குத் திறந்திருந்த கதவு. ஆபிரகாம் பக்கத்தில் சுரண்டையில் படித்தார். பிறகு ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போனார். பாடத்தோடு நின்றுவிடவில்லை. அங்கே சடையாண்டி பட்டரிடம் வயலின் கற்றார். புகைப்படக் கலை, அச்சு வேலை, சோதிடம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டார். எதையும் செய்து பார்த்துவிட வேண்டும் என்ற குணம் அப்போதே இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் விட அவரை இழுத்தது நாட்டு மருத்துவம். மூலிகைகளைத் தேடி மலைகளில் அலைந்தார். 1877-இல் கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய சுருளிமலைக்குப் போனபோது, கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் வரும் செய்தி. அந்தக் குருவின் பெயரை அவர் கடைசிவரை விடவில்லை. வைத்தியசாலை, பண்ணை, புத்தகம் என்று அவர் தொடங்கிய எல்லாவற்றிலும் கருணை என்ற சொல் ஒட்டிக்கொண்டே வந்தது அதனால்தான்.

தஞ்சாவூருக்கு எப்படி வந்தார்?

வேலைக்காக வந்தார், அவ்வளவுதான். 1882 டிசம்பரில் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே இருவரும் தஞ்சை வந்தார்கள். லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பொன்னம்மாள் தலைமை ஆசிரியை, அவர் கணவர் தமிழாசிரியர். ஆமாம், வேலையில் மனைவிக்குக் கீழே கணவர். 1880-களில் இது சாதாரண விஷயமில்லை.

அப்போதைய தஞ்சை எப்படி இருந்தது? 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததோடு மராட்டிய அரசு முடிந்துபோனது. இசைவாணர்களுக்கு மானியமும் சன்மானமும் கொடுத்துவந்த அரண்மனை ஓய்ந்துவிட்டது. ஆதரவு தேடி வித்வான்கள் சென்னைக்கும் மைசூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் போக ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் மிச்சமிருந்த செல்வமும் செல்வாக்கும் நிலத்தில் இருந்தது. நிலம் என்றால் நன்செய், நன்செய் என்றால் நெல். அந்த நெல் மிராசுதார்கள் கையில்.

தெற்கேயிருந்து வந்த ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு அந்த நிலத்திலும் பங்கில்லை, அந்த இசை உலகத்திலும் இடமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது பாடம் நடத்துவதும் மருந்து கொடுப்பதும். பள்ளி நேரம் போக வைத்தியம் பார்த்துவந்தவரைத் தேடி ஆட்கள் பெருகினார்கள். 1890-இல் ஆபிரகாம் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார். கருணாநிதி வைத்தியசாலை உருவானது. ஊர் அவரைப் பண்டிதர் என்றே கூப்பிட ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் நாட்டு வைத்தியரை அப்படி அழைப்பது வழக்கம்.

மாத்திரையில் அவ்வளவு வருமானமா?

பண்டிதரின் மருந்துகளில் பெரிதும் பேசப்பட்டது கோரோசனை மாத்திரை. கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். கைக்குழந்தைக்கு உரைமருந்தாக அதை உரசிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதனால் பெயரைச் சொன்னதும் பாட்டிமார்களுக்குப் புரிந்துவிடும். விளம்பரத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதியைக் காலம் செய்து கொடுத்தது. 1860-களிலேயே நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருச்சி ரயில்பாதை ஓட ஆரம்பித்துவிட்டது. தபால் வசதி பெருகியிருந்தது. டெல்டாவிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். போன இடத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் தெரிந்த மருந்தைத்தானே மனசு தேடும்? பண்டிதரின் மாத்திரைகள் தமிழர்கள் போன வழியிலேயே கடல் தாண்டிப் போயின. இலங்கையிலும் பர்மாவிலும் அவற்றுக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

சித்த மருத்துவம் அதுவரை பெரும்பாலும் வைத்தியரின் கைப்பக்குவமாகவே இருந்தது. ஒரு ஊர், ஒரு வைத்தியர், ஒரு பை மருந்து. அதை ஒரே அளவில், ஒரே தரத்தில், ஒரே பெயரில் தயாரித்து வெளியூருக்கு அனுப்பும் தொழிலாக மாற்றிய முன்னோடிகளில் பண்டிதரும் ஒருவர். இன்றைய மொழியில் சொன்னால், அவர் ஒரு பிராண்டை உருவாக்கினார்.

அப்போ பண்ணை எதற்கு?

மருந்து விற்பனை கூடினால் முதலில் வரும் சிக்கல் மூலப்பொருள். மூலிகை மளிகைச் சாமான் மாதிரி எப்போது போனாலும் கிடைப்பதில்லை. ஒன்று மழைக்காலத்தில்தான் முளைக்கும், இன்னொன்று பூக்கும் முன்பே பறிக்கப்பட வேண்டும். காட்டிலிருந்து கொண்டுவருபவர் சரியான செடியைத்தான் கொண்டுவந்தாரா என்பது அடுத்த சந்தேகம். பத்து நோயாளிக்கு என்றால் வைத்தியரே போய்ப் பறித்து வரலாம். கடல் தாண்டி அனுப்ப வேண்டுமென்றால் தானே விளைவிப்பதுதான் வழி.

தஞ்சை நகருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைப் பண்ணை ஒன்றை உருவாக்கினார் பண்டிதர். குருவின் நினைவாகக் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். ஊர் வாயில் அந்தப் பெயர் நிற்கவில்லை. பண்டிதர் தோட்டம் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

தஞ்சைக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று புரியும். தஞ்சாவூர் முழுக்க ஆற்றுப் பாசன ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் நகரம் இருப்பது டெல்டாவின் விளிம்பில். வடக்கே திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். அதே நகரத்திலிருந்து வல்லம் பக்கம் திரும்பினால் செம்மண்ணும் சரளையுமாக மேட்டு நிலம். நகரத்தின் ஊடே ஓடுகிறதே, புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய், அது வெட்டப்பட்டது மேட்டூர்த் திட்டத்தோடு. மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934-இல்தான்.

அதற்கு முன்பு ஆற்றுப் பாசன வயல்காரருக்கே ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று வானத்தைப் பார்க்கும் நிலைமை. குறுவை, தாளடி, சம்பா எல்லாமே குடகு மலையில் பெய்யும் மழையை நம்பித்தான். நெல்லைச் சுற்றியே எல்லாம் சுழன்ற அந்த நாட்டில், நெல்லை நம்பாத ஒரு பண்ணையை ஒரு வெளியூர்க்காரர் நடத்திக் காட்டினார். மூலிகைக்கு வயல் முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. வடிகால் நன்றாக இருந்தால் போதும்.

பண்ணை மூலிகையோடு நிற்கவில்லை. விவசாயத்தில் புதிது புதிதாகச் செய்துபார்க்கும் இடமாக அது வளர்ந்தது. அங்கே விளைந்த கரும்பு பேசப்பட்டது. 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி, பண்டிதரின் தோட்டத்தை நேரில் வந்து பார்த்தார். 1909-இல் ஆங்கிலேய அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. பண்டிதரும் சும்மா இருக்கவில்லை. மின்சாரத்தில் ஓடும் அச்சகம் ஒன்றைத் தஞ்சையில் நிறுவி, அதற்கு லாலியின் பெயரையே வைத்தார். அந்த அச்சகம் பிறகு எதற்குப் பயன்பட்டது என்று பார்க்கும்போது, அந்த முதலீட்டின் அருமை புரியும்.

வைத்தியர் ஏன் இசைக்குள் போனார்?

இசை அவருக்குப் புதிதல்ல, திண்டுக்கல் நாட்களிலேயே வயலின் கையில் இருந்ததே. தஞ்சைக்கு வந்த பிறகு கர்நாடக இசை, மேற்கத்திய இசை இரண்டையும் ஆழமாகப் படித்தார். வீட்டில் பிள்ளைகளுக்கும் இசைப் பயிற்சி கொடுத்தார்.

அங்கேதான் ஒரு பிரச்சினை முளைத்தது. தஞ்சைதான் கர்நாடக இசையின் தாய்வீடு, மும்மூர்த்திகள் பிறந்தது பக்கத்துத் திருவாரூரில். ஆனால் பாட்டு கற்க வரும் தமிழ்ப் பிள்ளை முதல் நாளிலிருந்தே பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும்தான் பாட வேண்டியிருந்தது. அர்த்தம் தெரியாமல் மனப்பாடம். இதற்குப் பண்டிதர் கண்ட வழி எளிமையானது. இசை கற்பவர்களுக்காகத் தமிழிலேயே பாடல்களை இயற்றினார். அப்படி 96 பாடல்கள், கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் 1907-இல் வெளிவந்தன.

பாடம் எழுதப் போனவருக்கு அடுத்த கேள்வி வந்தது. இந்த ராகங்கள், சுரங்கள், சுருதிகளுக்கெல்லாம் தமிழில் பழைய கணக்கு இருந்திருக்க வேண்டுமே, அது எங்கே போனது? உ.வே.சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்திருந்தார். அதில் மாதவியின் அரங்கேற்றத்தையும் ஆய்ச்சியர் ஆட்டத்தையும் சொல்லும் பகுதிகளில் இசை இலக்கணம் நிறைய இருக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்கும் தமிழ்ப் பெயர் இருக்கிறது. தமிழறிஞர்கள் அதை இலக்கியமாகப் படித்தார்கள். இசை வித்வான்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகவில்லை. பாட்டும் தெரிந்து, பழந்தமிழும் தெரிந்து, கணக்கும் போடத் தெரிந்த ஒருவர் அதைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. பண்டிதர் அந்த வேலையைக் கையில் எடுத்தார்.

1911-இல் பொன்னம்மாள் இறந்துபோனார். தஞ்சையில் முதல் நாளிலிருந்து கூட இருந்தவர் அவர். பண்டிதர் பின்னர் பாக்கியம்மாளை மணந்துகொண்டார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு மே மாதம் தஞ்சையில் முதல் இசை மாநாடு. 1916-க்குள் மொத்தம் ஏழு மாநாடுகள் நடந்துமுடிந்தன. வித்வான்களும் அறிஞர்களும் வந்தார்கள், கட்டுரை படித்தார்கள், வாதம் செய்தார்கள், பாடிக் காட்டினார்கள். வந்தவர்களுக்கான செலவைப் பண்டிதரே ஏற்றுக்கொண்டார். சென்னையில் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது 1928-இல். அதற்கு 16 ஆண்டுகள் முன்பே தஞ்சையில் ஒரு வைத்தியர் சொந்தக் காசில் இதைச் செய்துகொண்டிருந்தார்.

22-ஆ, 24-ஆ: என்ன சண்டை அது?

மாநாடுகளில் சூடு பறந்தது ஒரு கேள்வியைச் சுற்றித்தான். ஒரு ஸ்தாயிக்குள், அதாவது கீழ் ச-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவே, எத்தனை சுருதிகள்?

வடமொழி மரபில் பரதரின் நாட்டிய சாஸ்திரமும் 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரமும் 22 என்கின்றன. பண்டிதர் 24 என்றார். வெறும் ரெண்டு தானே வித்தியாசம், இதற்கா இவ்வளவு சண்டை என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க.

ஒரு தந்தியை மீட்டினால் ச. அதன் சரிபாதி நீளத்தில் மீட்டினால் மேல் ச. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் ப. இப்போது அந்தப் ப-வை ச என்று வைத்துக்கொண்டு அதற்கு ஒரு ப எடுக்கலாம், பிறகு அதற்கு ஒரு ப. இப்படி 12 முறை போனால் எல்லாச் சுரங்களையும் தொட்டுவிட்டு, ஏழு ஸ்தாயி மேலே மீண்டும் ச-வில் வந்து நிற்க வேண்டும். ஆனால் நிற்காது. அரைச் சுரத்தில் சுமார் கால் பங்கு அளவுக்குத் தாண்டிப் போய்விடும். வட்டம் மூடாது.

பண்டிதர் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். மூடாத வட்டத்தை வைத்துக்கொண்டு சுருதிக் கணக்குப் போட முடியாது என்றார். வீணையில் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு இருக்கிறது. அந்த 12 இடைவெளியையும் சமமாக வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் 24. வட்டம் சரியாக மூடிவிடும். இதற்கு அவர் காட்டிய சான்று பழந்தமிழ் இசை மரபு. அங்கே ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்று நான்கு முறைகள் பேசப்படுகின்றன. ஒரு ஸ்தாயியை முறையே 12, 24, 48, 96 எனப் பிரிப்பவை அவை என்று பண்டிதர் விளக்கினார். வட்டப்பாலையில் 12 ராசிகளைப் போல வட்டத்தைப் பிரித்து, ராசிக்கு இரண்டு அலகு வைத்தால் 24. உரைகளில் 22 என்று வருவது, பாடும்போது இரண்டு அலகு குறைத்துக்கொள்ளும் வழக்கத்தால் வந்த எண்ணிக்கை என்பது அவர் வாதம்.

இந்த வாதத்துக்குப் பின்னால் இன்னொரு பெரிய கேள்வி இருந்தது. இன்று மேடையில் ஒலிக்கும் கர்நாடக இசையின் வேர் எங்கே? சமஸ்கிருத நூல்களில் மட்டும்தானா, தமிழிலும் இருக்கிறதா? 24 என்ற எண்ணை நிறுவினால் தமிழுக்கெனத் தனியான, முழுமையான ஓர் இசை இலக்கணம் இருந்தது என்று நிறுவியதாகிவிடும். அதனால்தான் அந்த ரெண்டு சுருதிக்கு அவ்வளவு மல்லுக்கட்டு.

பரோடாவில் என்ன நடந்தது?

1916 மார்ச் மாதம். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட்டின் ஆதரவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. ஏற்பாட்டில் முன்னின்றவர் இந்துஸ்தானி இசை அறிஞர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. சுருதி பற்றிய விவாதம் அங்கும் முக்கிய இடம் பிடித்தது. மேற்கு இந்தியாவில் தேவல் என்ற ஆய்வாளரும் கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியும் சேர்ந்து, 22 சுருதிக் கொள்கைக்கு ஏற்றபடி ஹார்மோனியமே செய்ய வைத்திருந்தார்கள்.

அந்த அவைக்குப் பண்டிதர் தன் கட்டுரையோடு போனார். தனியாகப் போகவில்லை. மகள்கள் மரகதவல்லியையும் கனகவல்லியையும் அழைத்துப் போனார். அப்பா கணக்கைச் சொல்ல, மகள்கள் அதை வீணையில் வாசித்தும் பாடியும் காட்டினார்கள்.

இப்போது முதலில் சொன்ன அந்த 1859-ஐ நினைத்துப் பாருங்கள். மேலாடை அணிய ஒரு சமூகத்துப் பெண்கள் அரசின் அனுமதிக்காகப் போராட வேண்டியிருந்தது. 57 ஆண்டுகள் கழித்து, அதே சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள், ஒரு மகாராஜா கூட்டிய அவையில், நாட்டின் பெரிய இசை அறிஞர்கள் முன்னால் உட்கார்ந்து ஓர் இசைக் கொள்கையை நிரூபித்துக் காட்டுகிறார்கள். இசைவேளாளர், தேவதாசி மரபுக்கு வெளியே உள்ள குடும்பத்துப் பெண்கள் பொதுமேடையில் பாடுவதே அப்போது அரிது. டி.கே.பட்டம்மாள் போன்றவர்கள் மேடையேறி அந்த நிலைமை மாற இன்னும் பத்து வருடங்களுக்கு மேல் பாக்கி இருந்தது.

வீட்டிலேயே இசை சொல்லிக்கொடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அம்மா பள்ளித் தலைமை ஆசிரியை. யாரிடமும் கைகட்டி நின்று வாய்ப்புக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாத வருமானம் குடும்பத்துக்கு இருந்தது. பரோடா மேடைக்குப் போன வழி தஞ்சையில் அந்தத் தோட்டத்திலிருந்துதான் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

புத்தகம் என்ன ஆனது?

மாநாடுகளில் பேசியது, வாதாடியது, கணக்குப் போட்டது எல்லாம் சேர்ந்து 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற நூலாக வந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான பக்கங்கள், பக்கம் பக்கமாக அட்டவணைகள், பின்னங்கள், தந்தி அளவுகள், வட்டப் படங்கள். இப்படி ஒரு நூலை வெளியிட அந்தக் காலத்தில் எந்தப் பதிப்பாளர் முன்வருவார்? சொந்த அச்சகம் இருந்ததால்தான் அது சாத்தியமானது. லாலி பெயரில் தொடங்கிய அச்சகம் கைகொடுத்தது இங்கேதான்.

நூல் வந்து இரண்டே ஆண்டுகள். 1919 ஆகஸ்ட் 31 அன்று, அறுபது வயதில், தஞ்சையிலேயே பண்டிதர் காலமானார். திட்டமிட்ட வேலையில் பாதிதான் அச்சேறியிருந்தது.

மீதியைக் குடும்பம் கையில் எடுத்தது. பரோடாவில் அப்பாவோடு போன அதே மரகதவல்லி, கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பாகத்தை 1946-இல் வெளியிட்டார். அப்பா இறந்து 27 ஆண்டுகள் கழித்து. மகன் வரகுணபாண்டியன் வீணையையும் யாழையும் ஆராய்ந்து, பாணர் கைவழி என்ற யாழ் நூலை 1950-இல் கொண்டுவந்தார். பேரன் தனபாண்டியன் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைப் பேராசிரியராக இருந்து, தாத்தா விட்ட நுண்சுருதி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மூன்று தலைமுறை, ஒரே கேள்வி.

அவர் சொன்னதெல்லாம் சரியா?

இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

24 சம சுருதிகள் என்ற முடிவை இன்றைய இசையியலாளர்கள் பெரும்பாலும் அப்படியே ஏற்பதில்லை. சமப் பங்கீட்டில் ப-வின் இடம் மூன்றில் இரண்டு என்ற இயல்பான அளவிலிருந்து மயிரிழை விலகிவிடும். பியானோவிலும் கீபோர்டிலும் அப்படித்தான் இருக்கிறது, நாம் பழகிக்கொண்டோம். ஆனால் தம்புரா பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவரின் குரல் இயல்பான ப-வில்தான் போய் நிற்கும். கமகத்தோடு அசையும் சுரத்தை ஒரே எண்ணில் பூட்டிவைப்பதும் கடினம். அதேபோல, கடல்கொண்ட கண்டம், முதற்சங்கம் பற்றி நூலின் தொடக்கத்தில் அவர் எழுதியவை அந்தக் கால நம்பிக்கைகளைச் சார்ந்தவை. வரலாற்று ஆதாரமாக அவற்றை இன்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம் என்னதான் மிச்சம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகளைப் பாடிப் பார்க்கக்கூடிய, கணக்குப் போட்டுச் சரிபார்க்கக்கூடிய இலக்கணமாக முதன்முதலில் விரிவாக அணுகியவர் அவர். ஒரு பண்ணின் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, தொடங்கும் சுரத்தை மட்டும் மாற்றினால் வேறு பண் பிறக்கும். பண்ணுப்பெயர்த்தல் என்று பழந்தமிழில் இதற்குப் பெயர், இன்றைய கச்சேரி மொழியில் கிரகபேதம். பழைய பண்களையும் இன்றைய ராகங்களையும் இணைக்கும் அந்தப் பாலத்தில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் நிறையப் பேர் நடந்தார்கள். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டதும், 1947-இல் ஈழத்து விபுலானந்த அடிகளின் யாழ் நூல் வெளிவந்ததும் பண்டிதர் உழுதுபோட்ட நிலத்துக்குப் பிறகுதான்.

எண்ணில் தவறியிருக்கலாம், கேள்வியில் தவறவில்லை. கேட்ட கேள்விக்குச் சான்று தேடி, கணக்கைப் பக்கம் பக்கமாக அச்சிட்டு, தப்பிருந்தால் கண்டுபிடிக்கட்டும் என்று எல்லார் முன்னாலும் வைத்தார். பிற்காலத்தவர் அவரை மறுக்க முடிந்ததே அதனால்தான்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

ஆராய்ச்சிக்குப் பணம் யார் கொடுப்பது என்பது அன்றும் இன்றும் முதல் கேள்வி. மராட்டிய அரண்மனை இருந்த காலத்தில் மன்னர் கொடுத்தார். பிறகு ஜமீன்தாரும் மிராசுதாரும் கொடுத்தார்கள். கொடுப்பவருக்குப் பிடித்த இசைதான் மேடையேறும், பிடித்த வரலாறுதான் எழுதப்படும். அந்த வரிசையில் தனக்கு இடமில்லை என்று தெரிந்த ஒருவர், வரிசையில் நிற்காமல் தனக்கென ஒரு தோட்டம் போட்டார். மூலிகை விளைவித்தார், மருந்து விற்றார், அச்சு இயந்திரம் வாங்கினார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு, யாரைக் கேட்டும் எழுதத் தேவையில்லாத புத்தகத்தை எழுதினார்.

1919-க்கும் 1946-க்கும் நடுவில் அந்தக் கையெழுத்துப் பிரதிகள் குடும்பத்தின் பொறுப்பில் காத்துக்கிடந்தன. அந்த 27 ஆண்டுகளில் மேட்டூர் அணை வந்தது, புது ஆற்றில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது, இரண்டாம் உலகப் போர் வந்து போனது. அப்பாவின் தாள்களை மகள் விடவில்லை. பரோடாவில் வீணையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை வாசித்துக் காட்டியவர் அல்லவா? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.